இளநியில் பொட்டாசு

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் இளநி வெட்டி ஊருக்கெல்லாம் அண்ணாச்சியாகி, எனக்குக் கூடப்பிறக்காத அண்ணனாகவே ஆகிப்போன சுடலைமுத்து அண்ணாச்சிக்கு,

ரிப்போர்ட் வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று உடனே சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்த காலத்தில் ஒரு சேதியையாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? பாதியிலேயே, "சரி, முடிவச் சொல்லு தாயி" என்று அரிவாளை ஆட்டுவீர்கள். இப்போது ஆட்ட முடியாது பாருங்கள். அதனால் நான் சொல்கிற வரிசையில்தான் கேட்டாக வேண்டும்.

யாருடைய ரிப்போர்ட் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். முத்துமாரியுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலேரியாக் காய்ச்சலில் இரண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செய்து, எங்கள் பிள்ளைகள் வார்டில் மூன்றாம் கட்டிலில் கிடந்தாளே, அவளேதான். இன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரிசோதனை. இதில் எல்லாம் சரியாக இருந்தால் இனி வர வேண்டாம், கொஞ்சம் பிசகினாலும் மாத்திரையும் உப்புப் பத்தியமும் எத்தனை வருஷத்துக்கோ தெரியாது என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார்.

நீங்களும் சும்மா இருந்தீர்களா? கடைசி ரிப்போர்ட் நல்லபடி வருகிற அன்றைக்கு என் கையால் ஒரு செவ்விளநி சீவித் தருவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். அந்தப் பிள்ளையும் அதுவரைக்கும் வேறு எவர் கொடுத்தாலும் இளநியை வாயில் வைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்துவிட்டது. திருவிழாவுக்குப் போனாலும் குடிக்கவில்லை, சடங்கு வீட்டுக்குப் போனாலும் குடிக்கவில்லை. நீங்கள் பாட்டுக்குப் போன கார்த்திகையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனீர்கள். அந்த வாக்கை யார் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள் அண்ணாச்சி?

பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கு நம் சண்டையெல்லாம் தெரியாது. அதனால் முதலிலிருந்து வருகிறேன். தப்பாகச் சொன்னால் நீங்களே கனவில் வந்து திருத்திக்கொள்ளுங்கள்.

அது ஒரு ஆனி மாசம். காற்று கரிசல் புழுதியை வாரி வாரி ஆஸ்பத்திரி ஜன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது. நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. முன்னால் தாய்மாமன் கருப்பசாமி, பின்னால் அம்மா பாண்டியம்மா, நடுவில் துவண்டு போய் எட்டு வயதுப் பிள்ளை. ஆடு வளர்க்கிற குடும்பம். ஐந்து நாளாகக் காய்ச்சல் என்றார்கள்.

நான் தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் காலைத்தான் பார்த்தேன். இரண்டு பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கேட்காமலே விளங்கிவிட்டது, ஒன்றுக்குப் போவதில் ஏதோ கோளாறு, வீட்டு வைத்தியமெல்லாம் முடிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று. கடுங்காப்பி மாதிரி கொஞ்சூண்டு போகிறது, பிள்ளைக்குச் சூடு பிடித்திருக்கிறது என்றார் பாண்டியம்மா.

நம் ஊரில் இது ஒரு வார்த்தை, சூடு. ஒன்றுக்கு மஞ்சளாகப் போனால் சூடு, கடுத்தால் சூடு, போகவே இல்லையென்றாலும் சூடு. அதற்கு மருந்து இளநி. நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தானே, சின்ன வயதில் என் கால் விரலிலும் எத்தனையோ தடவை சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. அதனால் அவர்களைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் ஏறிக் கிடக்கிறது. கிட்னி அசந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் அசந்தது என்றுதான் தெரியவில்லை. டெங்குவா, எலிக்காய்ச்சலா, மஞ்சள்காமாலையா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மலேரியாவைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டதால் அந்த நினைப்பே எங்கள் யாருக்கும் வரவில்லை. வெளியூர் எங்கேயாவது போய் வந்தீர்களா என்று நான் முறைப்படி கேட்டேன். எங்கேயும் போகவில்லை என்று பாண்டியம்மா சொன்னார். சீட்டில் "இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோடு ஒன்று போதும், நான் வெட்கப்பட.

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், இளநி கூடவே கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டார். போட்டுவிட்டு அவர் போய்விட்டார். உத்தரவைக் காக்க வேண்டியவள் நான்தானே? பிள்ளை "தண்ணி, தண்ணி" என்று அழுகிறது. நான் மூடியில் அளந்து ஒரு வாய் விடுகிறேன், ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கிறேன். வார்டில் இருந்த தாய்மார்கள் எல்லோரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எதிரி வீட்டுக்காரன் வந்து நின்றாலும் முதலில் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற ஊர் இது. தாகத்தில் கிடக்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

கருப்பசாமி நேரே உங்களிடம்தான் வந்தார். அடுத்த நிமிஷம் வாசலில் உங்கள் சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது. சும்மா சொல்லக் கூடாது அண்ணாச்சி, உங்கள் தொண்டைக்கு மைக்செட் தேவையில்லை. நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வந்தேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பக்கம் நீங்கள் அரிவாளோடு, எதிர்ப் பக்கம் நான் கையுறையோடு.

என்னென்ன பேசினீர்கள் என்று முழுசாக எழுதினால் உங்கள் சம்சாரம் சண்முகக்கனி மதினி வருத்தப்படுவார்கள். நர்ஸ் உடுப்புப் போட்டால் நெஞ்சில் ஈரம் போய்விடுமா என்று கேட்டீர்கள். நானும் சளைக்கவில்லை, இளநி வெட்டுகிற அரிவாளுக்கு டாக்டர் பட்டம் எந்தக் காலேஜில் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் கோபத்தின் உச்சத்தில் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்.

"ஒடிசாவுல ஒரு மாசம் நல்ல தண்ணிக்கு வாடிட்டு வந்துருக்க பிள்ள அது. ஒரு இளநி குடிச்சா குத்தமா தாயி?"

எங்கேயிருந்து வந்த பிள்ளை என்று திரும்பக் கேட்டேன். ஒடிசா என்றீர்கள், இதுகூடத் தெரியாமலா வைத்தியம் பார்க்கிறாய் என்று அதற்கும் சேர்த்து வைதீர்கள். முத்துமாரியின் அப்பா அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிற காண்டிராக்ட் வேலையில் இருக்கிறார், கோடை லீவுக்குத் தாயும் மகளும் போய் ஒரு மாசம் கூடாரத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள், மணியாச்சி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு இளநி சீவுகிற நேரத்தில் இவ்வளவையும் கருப்பசாமியிடம் கறந்து வைத்திருந்தீர்கள். நான் அரை மணி நேரம் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வாங்க முடியாத சேதி!

நான் உள்ளே ஓடினேன். நீங்கள் சண்டையில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள் என்று பிறகு மதினி சொன்னார்கள். பாண்டியம்மாவிடம் போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை.

"அது அவிய இருக்க எடம்லா சிஸ்டர். புருசங்கிட்ட போறத வெளியூருன்னா சொல்லுவாக?"

அவர் சொன்னது அவருக்கு நியாயம். தப்பான வார்த்தையில் கேட்டவள் நான். லேப்காரர் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பு அணுவுக்குள் குட்டிக் குட்டி மோதிரம் கிடந்தது. மலேரியா. அதிலும் பொல்லாத வகை. அன்றைக்கே ஊசி ஆரம்பமாகிவிட்டது.

டாக்டரம்மா என்னிடம் பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமி ஏறின ரத்த அணுக்கள் சின்னச் சின்ன ரத்தக்குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும், உடைந்த அணுக்களின் கழிவு கிட்னிக்குள் போய்ச் சேரும், கிட்னி திணறிப்போய் நின்றுவிடும். ஆனால் பிள்ளைகளின் கிட்னி பெரும்பாலும் திரும்பி எழுந்துவிடும், அது எழுந்திருக்கிற வரைக்கும் நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்றார். நாம் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்றபோது ஜன்னல் வழியாக உங்கள் வேப்பமரத்தைத்தான் பார்த்தார்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. மறுநாள் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது, ஆனால் ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. கருப்பசாமி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். கஞ்சி என்றார். நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை, அது என் தப்பு. உள்ளே இருந்தது இரண்டு இளநித் தண்ணீர். கஞ்சி என்று சொல்லிக் கொண்டு போ என்று அவருக்கு யோசனை சொன்ன மகராசன் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மத்தியானம் மானிட்டரில் முத்துமாரியின் நெஞ்சுத் துடிப்பு தடம் மாறியது. டாக்டரம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஊசிக்கு மேல் ஊசி. பாண்டியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். துடிப்பு திரும்ப ஒழுங்குக்கு வந்த பிறகும் நான் மானிட்டரை விட்டு நகரவில்லை. அத்தனை வருஷ வேலையில் அன்றைக்குப் பயந்த மாதிரி நான் பயந்ததில்லை.

அதற்குப் பிறகு வாசலுக்கு வந்தேன். உங்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கருப்பசாமி எனக்கு முன்னாலேயே வந்து அழுதிருக்கிறார்.

"நான் வெட்டுனதா தாயி?" என்று கேட்டீர்கள்.

"நீங்க வெட்டுனதுதான் அண்ணாச்சி."

அப்போதுதான் உங்களை அண்ணாச்சி என்று முதன்முதலாகக் கூப்பிட்டேன். இதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இளநியில் பொட்டாசியம் என்று ஒரு சத்து உண்டு, கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்கு அது நல்லது, உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒன்றுக்கில் தள்ளிவிடும், கிட்னி நின்றுபோனவர்களுக்கு அது ரத்தத்திலேயே தேங்கி நெஞ்சைப் பிடித்துவிடும் என்று நான் சொல்லச் சொல்ல, நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாக, பொட்டாசா, தீக்குச்சி மருந்தில் போடுகிற பொட்டாசா என்று கேட்டீர்கள்.

கடை போடுவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கின ஆள் நீங்கள். வலது கையில் இரண்டு விரல் நுனி வெந்து வழவழவென்று இருக்குமே, அது அந்த வேலையில் வந்தது. பொட்டாசு என்ற வார்த்தைக்கு இருக்கிற மரியாதை எனக்கு எங்கே தெரியும்? அதுவும் இதுவும் ஒன்றல்ல, சொந்தக்காரர்கள்தான், ஆனால் வேறு வேறு என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவே இல்லை. இளநிக் குலையின் மேல் சாக்கைப் போட்டு மூடினீர்கள்.

"பொட்டாசோட வெளாடக் கூடாது தாயி. நான் வெளாடிட்டேன்" என்றீர்கள். கண் கலங்கியிருந்தது. வேப்பமரத்துத் தூசி என்று சொன்னீர்கள், நானும் நம்பின மாதிரி இருந்துகொண்டேன்.

அதன் பிறகு ஐந்து நாள் கடையே இல்லை. பிள்ளைகள் வார்டு ஜன்னலுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வியாபாரம் பாருங்கள் என்று எத்தனை தடவை விரட்டியிருப்பேன்! தாகத்தில் பிள்ளை அழும்போதெல்லாம் ஜன்னல் கம்பி வழியாக அவளுக்கு ஏதாவது கதை சொல்லி வாயை அடைத்தீர்கள். தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை என்று கருப்பசாமி திரும்பவும் சண்டைக்குக் கிளம்பியபோது அவரை உட்கார வைத்துப் பேசியதும் நீங்கள்தான். எங்கள் டாக்டரம்மாவால் முடியாததை ஒரே பேச்சில் முடித்தீர்கள்.

"மட அடச்சிக் கெடக்கு மாப்ள. கம்மாயில மேல மேல தண்ணிய விட்டா என்னாவும்? கரைதான் ஒடையும். மட தெறக்கட்டும், அப்புறம் நீ ஊத்து."

கருப்பசாமிக்கு அது விளங்கிவிட்டது. அடுத்த நாளிலிருந்து வார்டுக்குள் வருகிற ஒவ்வொரு தூக்குச்சட்டியையும் அவரே திறந்து மோந்து பார்த்தார். யாரோ வேறு பிள்ளைக்குக் கொண்டு வந்த ரசத்தையும் மோந்து பார்த்து ஒரு சண்டை வந்தது, அது தனிக் கதை.

காலையில் நான் வார்டுக்குள் நுழையும்போதே ஜன்னலிலிருந்து உங்கள் குரல் வரும். "மகளே, போனியா?" என்று கேட்பீர்கள். கட்டிலில் இருந்து அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று. இப்படி மூன்று நாள். நாலாம் நாள் டாக்டரம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார், நாளை மத்தியானம் வரைக்கும் பார்ப்போம், வரவில்லையென்றால் திருநெல்வேலிக்கு அனுப்பி டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டியதுதான் என்று. பாண்டியம்மா ஒடிசாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அவர் புருஷன் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ரயில் ஏறி வந்து சேர இரண்டு நாளாகும்.

மறுநாள் மத்தியானம். எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு யாரும் சாப்பிடாமல் இருந்த நேரம். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. பிள்ளை அம்மாவின் சேலையை இழுத்து, அம்மா, ஒண்ணுக்கு வருது என்றாள்.

அண்ணாச்சி, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த சந்தோஷம் என் வாழ்க்கையில் வேறு எதிலும் வந்ததில்லை, என் மகள் கேட்டால் கோபிப்பாள். அளவு ஜாடியைப் பிடித்தேன். நூற்றைம்பது மில்லி. கடுங்காப்பி இல்லை, இளம் டீ நிறம். நான் ஜாடியைத் தூக்கி ஜன்னலில் காட்டினேன். நீங்கள் ஸ்டூலை விட்டு எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அதைக் கும்பிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைக் கும்பிட்ட ஆளை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

"மட தெறந்துட்டு!" என்று நீங்கள் போட்ட சத்தத்துக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் பயந்துபோய் இறங்கி வந்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை போனாள். வந்த வண்டி சும்மாவே திரும்பிப் போனது.

அதோடு முடிந்ததா? அதற்குப் பிறகு நீங்கள் செய்த அக்கிரமத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். இளநி கேட்டு வருகிறவர்களிடம் எல்லாம், "யாருக்கு? ஒண்ணுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். பதில் சொல்லாதவருக்கு வெட்ட மாட்டீர்கள். மறுவீடு போகிற வழியில் காரை நிறுத்தின ஒரு குடும்பத்தில், புது மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ரிட்டயரான ஒரு தலைமை ஆசிரியர் இளநியைக் கீழே வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

இது போதாதென்று இளநியில் பொட்டாசு இருக்கிறது என்று ஒரு வதந்தி வேறு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவிவிட்டது. உங்கள் கடையில் இளநி வெடிக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நானே உடுப்போடு வாசலில் வந்து நின்று, நன்றாக இருக்கிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம், எங்கள் அண்ணாச்சி சொல்வது கிட்னி அசந்தவர்களுக்கு மட்டும் என்று இளநிக்காக வக்காலத்து வாங்க வேண்டியதாயிற்று. முந்தின மாசம் இளநியை விரட்டின அதே வாய்!

ஆனால் அந்தக் கேள்வி வீண் போகவில்லை. ஒரு தாய், பிள்ளைக்கு நேற்றிலிருந்து ஒன்றுக்கே வரவில்லை, அதனால்தான் இளநி வாங்குகிறேன் என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்தீர்கள். அது மலேரியா இல்லை, வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய கேஸ். இருந்தாலும் இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு முழுக்க நீங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி போனேன். அப்போது ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம். இப்போது பாராட்டுகிறேன், கேட்கிறதா?

சரி, இன்றைக்கு வருகிறேன்.

முத்துமாரிக்கு இப்போது பத்து வயது. ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல். அப்பா ஒடிசா வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே கருப்பசாமியோடு ஆடு பார்க்கிறார். எல்லோரும் வந்திருந்தார்கள். ரத்தம் எடுத்தோம், ஒன்றுக்குப் பிடித்தோம், பிரஷர் பார்த்தோம். போன வருஷம் வரைக்கும் ஒன்றுக்கில் கொஞ்சம் புரதம் ஒழுகிக்கொண்டிருந்தது, அதுதான் டாக்டரம்மாவுக்குக் கவலை. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரமும் பாண்டியம்மா என் கையை விடவில்லை.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கிரியாட்டினின் சரி, பிரஷர் சரி, புரதம் சுத்தமாக இல்லை. "இனி நீ இந்தப் பக்கமே வரக் கூடாது" என்று முத்துமாரியின் காதைத் திருகினார்.

முடிவைச் சொல்லிவிட்டேன். இப்போது நிம்மதியா?

பிள்ளை ஒரே ஓட்டமாக வேப்பமரத்துக்கு ஓடினாள். நீங்கள் இல்லாதது அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஓடினாள். உங்கள் பதினாறு முடிந்த மறுவாரத்திலிருந்து சண்முகக்கனி மதினிதான் கடையைப் பார்க்கிறார்கள். மரத்தில் உங்கள் போட்டோ தொங்குகிறது, முறைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மதினியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் ஆம்பளையாட்களிடம் கேட்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள்.

ஒரு செவ்விளநியைத் தனியாக எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள் மதினி. இன்றைக்குத்தான் அந்தத் தேதி என்று அவர்களுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. நல்ல ரிப்போர்ட் என்று சொன்னதும் அதை எடுத்தார்கள். வெட்டுவார்கள் என்று பார்த்தால், அரிவாளை என் கையில் கொடுத்தார்கள்.

"அவிய குடுத்த வாக்கு. நான் கட்டிக்கிட்டு வந்தவ. நீதான அவியளுக்குத் தங்கச்சி, நீ வெட்டு."

எனக்கு நரம்பு தேடி ஊசி போடத் தெரியும், இளநி சீவத் தெரியாது. நீங்கள் மூன்று வெட்டில் முடிப்பீர்கள். நான் எத்தனை வெட்டு வெட்டினேன் என்று எண்ணிக்கொண்டிருந்த கருப்பசாமி பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பாதித் தண்ணீர் என் வெள்ளை உடுப்பில். வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் கை தட்டினார். மதினி உங்கள் போட்டோவைப் பார்த்து, இதையும் பாருங்க என்று சிரித்தார்கள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

மிச்சத்தை முத்துமாரி ஒரே மூச்சில் குடித்தாள். வழித்த தேங்காயையும் தின்றாள். நல்லாயிருக்கா என்று கேட்டேன். உப்பா இல்லையே சிஸ்டர், பொட்டாசு எங்க இருக்கு என்று கேட்டாள். உங்கள் மாணவிதான், சந்தேகமே இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவள் எங்கேயோ காணாமல் போய்விட்டாள். தேடலாம் என்று நான் திரும்பினால், ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போய் உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்றாள்.

"போயிட்டேன் பெரியப்பா" என்றாள்.

அண்ணாச்சி, நான் வாக்குக் கொடுக்கிறேன். நான் இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த மரத்தடியில் ஒரு இளநியும் வெட்டுப்படாது. வார்டில் நானும் இனி வெளியூர் போனீர்களா என்று கேட்க மாட்டேன், பிள்ளை கடைசியாக எங்கெங்கே தூங்கியது என்றுதான் கேட்பேன். மூன்று வெட்டில் இளநி சீவவும் மதினியிடம் படித்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நாளாகும், முறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வாசலில் நின்று சண்டை போட்டு உறவான தங்கச்சி,
செல்வராணி